பால்மேட்டின் வடக்குச் சரிவு

1932 மார்ச் 3, வியாழன்

புதிதாக வாங்கிய ரங்கூன் அரிசி முழுதும் வண்டு. பள்ளிக்கூடத்தில் படிப்பித்துவிட்டு வந்ததும் சுளகில் போட்டுப் புடைத்தேன். புடைக்கப் புடைக்க வந்துகொண்டே இருந்தது. கை கழுவிய பிறகும் விரலில் ஏதோ ஊர்கிறது.

என் கணவர் இன்று சீட்டியடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். நில அலுவலகத்தில் அவர் வரைந்த வரைபடத்தைப் பென்ஃபோல்ட் துரை மேசையில் விரித்து, மற்றத் துரைமாரையும் கூப்பிட்டுக் காட்டினாராம். அச்சுக்குப் போகுமுன் எனக்கும் காட்டவேண்டுமென்று அதைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வந்திருந்தார்.

“இஞ்சரும், இந்தக் கோப்பைகளை அங்கால எடும். ஈரம் பட்டால் போச்சு.”

கோப்பைகளை எடுத்தேன். மேசையில் பால்மேடு விரிந்தது. எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருக்கிற குன்றுதான். இந்தியாவிலிருந்து வந்த பால்காரர்கள் மாடு வைத்திருப்பதால் அந்தப் பெயர். அரசாங்கம் அதை முழுதாக எடுத்து, வெட்டி, அந்த மண்ணால் ஆற்றுமுகத்துச் சதுப்பை நிரப்பப் போகிறது. நிரப்பிய இடத்தில் சந்தையும் பெருந்தெருவும். வெட்டிய இடத்தில் வெள்ளைக்கார உத்தியோகத்தருக்கு வீடுகள்.

“மேடும் மட்டம், பள்ளமும் மட்டம். எவ்வளவு நேர்த்தியான யோசனை பாரும்,” என்றார்.

அவருக்கு நல்ல கை. அதை நான் எப்போதும் சொல்வேன். மாட்டுக் கொட்டில், கிணறு, ஒவ்வொரு பலாமரத்துக்கும் ஒரு சின்ன வட்டம். தெற்கு அடிவாரத்தில் சீனர்களின் கல்லறைகள் குதிரை லாடம்போல வளைந்து கிடந்தன. பக்கத்தில் மலாய்க்காரர்களின் நடுகற்கள் இரண்டிரண்டாக. வடக்குச் சரிவில் மட்டும் கடதாசி வெள்ளையாக இருந்தது.

“வடக்கால ஒண்டும் இல்லையோ?” என்று கேட்டேன்.

“பத்தை. வெறும் புல்லும் பத்தையும்.”

அந்தப் பத்தைக்குள் எங்கள் மகள் கிடக்கிறாள்.

மார்ச் 4, வெள்ளி

இடியப்பம் சரியாக அவியவில்லை. மாவாகவே இருந்தது. அவர் அப்படியே சாப்பிட்டார்.

மார்ச் 6, ஞாயிறு

பால் வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டு மேட்டுக்குப் போனேன். பால் தினமும் வாசலுக்கே வருகிறது. இது அவருக்கும் தெரியும். பதினொரு வருடமாக மாதத்தில் ஒரு தடவையாவது நான் இப்படிப் போகிறேன். அவர் கேட்டதில்லை.

பூரணம் ஏழு மாதப் பிள்ளை. காய்ச்சல் வந்த மூன்றாம் நாள் முடிந்துவிட்டது. எங்களில் பெரியவர்களை எரிப்போம். பல்லு முளைக்காத பிள்ளையை எரிப்பதில்லை, மண்ணில் வைப்போம். செத்தவீட்டுக் கிரியை கிடையாது, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி கிடையாது, மேலே ஒரு கல்கூட வைப்பதில்லை. பெண்கள் போவதில்லை. அவர்தான் ஒரு வெள்ளைத் துணியில் சுற்றித் தூக்கிக்கொண்டு படியிறங்கினார். நான் அறைக்குள் இருந்தேன். பிறகு ஒருநாள், எங்கே என்று கேட்டதற்கு, “சரிவில, மரமுந்திரிகைக்குப் பக்கத்தில” என்றார். அந்த மரத்தடியில்தான் நான் போய் நிற்பது. அவளுக்குப் பிறகு எங்களுக்குப் பிள்ளை இல்லை.

பால்காரி பவளாயி கொட்டிலில் சாணி அள்ளிக்கொண்டிருந்தாள். அவளும் என் வயதுக்காரிதான். இராமநாதபுரத்துப் பக்கம். இங்கே வந்தபின் பிறந்த இரண்டு பிள்ளைகளை அந்தச் சரிவில் கொடுத்தவள். காலையில் முதல் கறவையில் ஒரு கை பாலை வடக்குப் பக்கமாக வீசிவிட்டுத்தான் செம்பை நிரப்புவாள். அவளுடைய பிள்ளைகள் எங்கே கிடக்கிறார்கள் என்று அவளுக்குத் தெரியாது. “எங்க மூத்தாரு மருதக் கோனாரு இருந்த வரைக்கும், இந்த மேட்டுல எந்தப் புள்ள போனாலும் அவருதாம்மா கொண்டு போவாரு. எந்தப் பொம்பளையவும் கூட விடமாட்டாரு. இப்ப அவரும் ஊருக்குப் போயிச் செத்துப் போனாரு. நான் வீசுறத எந்தப் புள்ள குடிச்சா என்ன?”

கொட்டில் தூணில் அரசாங்க அறிவித்தல் அடித்திருந்தது. என்னை வாசிக்கச் சொன்னாள். வாசித்தேன். மாட்டுக்காரருக்கு நகரத்துக்கு வெளியே மாற்றிடம். சீனர், முகமதியர் கல்லறைகளை உரியவர்கள் எடுத்துக்கொள்ள நான்கு மாத அவகாசம், செலவு அரசாங்கத்தினுடையது. இந்துக்கள் சடலங்களை எரிப்பவர்களாதலால் அவர்கள் விஷயத்தில் நடவடிக்கை தேவையில்லை.

கடைசி வரியை ஒரு தடவை கண்ணால் வாசித்து, பிறகுதான் வாய்விட்டு வாசித்தேன்.

“பச்சப்புள்ளய யாராச்சும் எரிப்பாகளா? எந்தப் படிச்ச முண்டம் இதை எழுதிக் குடுத்தது?” என்றாள் பவளாயி.

நான் பாலை வாங்கிக்கொண்டு இறங்கிவிட்டேன்.

மார்ச் 7, திங்கள்

இரவுச் சாப்பாட்டில் கேட்டேன். அவர் பாரை மீனிலிருந்து முள்ளை ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டின் ஓரத்தில் வரிசையாக வைத்துக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் இப்படித்தான் வரிசையாக வைப்பார்.

“எரிக்கிற ஆக்கள் எண்டு ஆர் சொன்னது?”

“துரை கேட்டார், ‘உங்கட ஆக்கள் எரிக்கிறவைதானே?’ எண்டு. ஓம் எண்டனான்.”

“பிள்ளையளைப் புதைக்கிறது எண்டு சொல்லேல்லையோ?”

“அவர் அதைக் கேக்கேல்லை.”

“கேக்காட்டிச் சொல்லமாட்டீங்களோ?”

“கேட்ட கேள்விக்கு மறுமொழி சொன்னனான். அலுவலகம் எண்டால் அப்பிடித்தான்.” ஒரு முள்ளை விரலால் நகர்த்தி வைத்தார். “தலைமை வரைவாளர் இடத்துக்கு என்ரை பேரை அனுப்பியிருக்கினம். எங்கட ஆள் ஒருத்தரும் இதுவரைக்கும் அந்தக் கதிரையில இருந்ததில்லை. இந்த நேரத்தில ஒரு சிக்கலும் வேண்டாம், விளங்குதோ?”

விளங்கியது. அவர் முழு மீனையும் சாப்பிட்டார். நான் தட்டைக் கழுவும்போது அந்த முள்வரிசை அப்படியே இருந்தது. தண்ணீரை ஊற்றித் தள்ளிவிட்டேன்.

மார்ச் 11, வெள்ளி

கோயிலுக்கென்று புறப்பட்டு மறுபடி மேட்டுக்குப் போனேன். பெண்களோடு பேசிப் பயனில்லை, ஆண்கள் போய் அலுவலகத்தில் சொல்லவேண்டும் என்று பவளாயியின் கணவர் சங்கிலிக் கோனாரிடம் சொன்னேன். அவர் கன்றுக்குட்டியின் காதிலிருந்து உண்ணி பிடுங்கி எடுத்து, பக்கத்தில் சிரட்டையில் போட்டுக்கொண்டிருந்தார். உண்ணிகள் கொண்டைக்கடலை அளவுக்கு இரத்தம் குடித்துக் கொழுத்திருந்தன.

“அம்மா, ஆபீசுல சொல்லிட்டாக. சத்தம் போடாம காலி பண்ணுனா புதுசா கொட்டாய் போட இடம். சத்தம் போட்டா அதுவும் இல்ல. நாங்க ஆம்பளைக எல்லாரும் உக்காந்து பேசி ஒத்துக்கிட்டோம்.”

“பிள்ளைகள்?”

“புள்ளைக செத்துப் போச்சு. மாடு உசுரோட நிக்குது. நான் எதுக்குப் பதில் சொல்லணும், நீங்களே சொல்லுங்க.”

பவளாயி உள்ளேயிருந்து கத்தினாள். “ஆமா, மாட்டுக்குத்தான் அப்பன் இவரு. உண்ணி பிடுங்கி, தடவிக் குடுத்து… நான் பெத்ததுகள ஒரு நாளு இப்படித் தடவியிருப்பியா நீயி?”

“சும்மா கெடடி.”

“கெடக்கேன். அதுகளும் சும்மாதான் கெடக்கு.”

சங்கிலிக் கோனார் சிரட்டையிலிருந்த உண்ணிகளைக் கல்லில் கொட்டி நசுக்கினார். அவர் சொன்னதில் பிழை என்ன என்று வீடு வரும்வரை யோசித்தேன். பிழை எதுவும் அகப்படவில்லை. அதனால்தான் இன்னும் அருவருப்பாக இருக்கிறது.

மார்ச் 19, சனி

ஆட்சேபணை கேட்கும் நாள். அடிவாரத்தில் கூடாரம் போட்டு, மேசை போட்டு, பென்ஃபோல்ட் துரை உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயதிருக்கும். மரியாதையான மனிதர். வெயிலில் நின்ற பெண்களை நிழலுக்கு வரச் சொன்னார். அவருக்குப் பின்னால் என் கணவர், வரைபடச் சுருளைத் துப்பாக்கிபோல் செங்குத்தாகப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் வரப்போவதை அவரிடம் சொல்லவில்லை.

சீனர் சங்கத்திலிருந்து ஆட்கள் வந்து பேசினார்கள், முடிந்தது. பள்ளிவாசலிலிருந்து வந்தார்கள், முடிந்தது. மாட்டுக்காரர்கள் வரிசையாக வந்து விரல் பதித்துவிட்டுப் போனார்கள். வேறு யாராவது உண்டா என்று துரை கேட்டார். நான் பவளாயியையும் மற்றப் பெண்களையும் பார்த்தேன். அவர்கள் என்னைப் பார்த்தார்கள்.

முன்னால் போய் ஆங்கிலத்தில் சொன்னேன். நாங்கள் குழந்தைகளை எரிப்பதில்லை என்றும், வடக்குச் சரிவில் இந்தப் பெண்களுடைய பிள்ளைகள் புதைக்கப்பட்டிருக்கிறார்கள் என்றும், என் மகளும் அங்கே இருக்கிறாள் என்றும். வகுப்பில் பாடம் சொல்வதுபோல் இருந்தது.

“தாங்கள்?” என்றார் துரை.

“மிஸஸ் அம்பலவாணர்.”

துரை திரும்பித் தன் வரைவாளரைப் பார்க்கவில்லை. அந்த நாகரிகம் அவருக்கு இருந்தது. பேனாவை மூடி வைத்தார்.

“எந்த இடம் என்று காட்டமுடியுமா?”

மரமுந்திரிகையைக் காட்டினேன்.

“புதைக்கும்போது தாங்கள் பார்த்தீர்களா?”

“இல்லை. எங்கள் வழக்கத்தில் பெண்கள் போவதில்லை.”

“இவர்களில் யாராவது பார்த்தார்களா?”

தமிழில் கேட்டேன். ஒருத்தியும் பார்த்ததில்லை.

“அப்படியானால் பார்த்தது யார்?”

நான் என் கணவரைப் பார்த்தேன். அவர் சுருளை இன்னும் இறுக்கமாகச் சுருட்டிக்கொண்டிருந்தார். மாட்டுக்காரர்கள் கூடாரத்தின் பின்பக்கமாக நழுவத் தொடங்கியிருந்தார்கள். பவளாயி, “ஏய், நில்லுங்கய்யா, எங்க ஓடுறீக?” என்று கத்தியதைத் துரைக்கு நான் மொழிபெயர்க்கவேண்டி இருக்கவில்லை.

துரை புன்னகைத்தார். கெட்ட புன்னகை அல்ல. குழந்தைக்கு மருந்து கொடுக்கும்போது டாக்டர்கள் சிரிப்பார்களே, அது. ஏப்ரல் இரண்டாம் தேதி தானே வருவதாகச் சொன்னார். அன்று தகப்பன்மார் வந்து இடத்தைக் காட்டினால், தோண்டி எடுத்துப் புதிய இடுகாட்டில் வைக்க ஆளும் வண்டியும் தருவார். காட்டாவிட்டால் அடுத்த திங்கட்கிழமை மண் வெட்டும் நீராவி இயந்திரம் வடக்குப் பக்கம் வரும்.

“இதைவிட நியாயமாக என்னால் இருக்கமுடியாது, மிஸஸ் அம்பலவாணர்.”

நன்றி சொன்னேன். ஏன் சொன்னேன்?

மார்ச் 20, ஞாயிறு

“என்ரை பேரைக் கெடுத்துப்போட்டீர்.” நேற்று முழுதும் இது ஒன்றைத்தான் சொன்னார். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் நானும் போட்டிருப்பேன்.

இன்று காலையில் எங்கோ போய்விட்டு மத்தியானம் வந்தார். சப்பாத்து முழுக்கச் செம்மண். அளக்கப் போனாராம். ஞாயிற்றுக்கிழமையில் என்ன அளவு? துரையைக் குளிர வைக்க ஏதோ கூடுதல் வேலை. அந்தச் சப்பாத்தை நான் துடைக்கவில்லை. வாசலிலேயே கிடக்கிறது.

மார்ச் 27, ஞாயிறு

மறுபடியும் செம்மண். காற்சட்டை முழங்காலிலும். புல்லு முள்ளும் ஒட்டியிருந்தது. கேட்கவில்லை.

மார்ச் 28, திங்கள்

இயந்திரம் தெற்குப் பக்கம், கல்லறைகளைத் தொடாமல் மேலே, தொடங்கிவிட்டது. வாய் மாதிரி ஒரு பெரிய இரும்புப் பெட்டி. மண்ணைக் கவ்வி, தூக்கி, லாரியில் துப்புகிறது. மறுபடி கவ்வுகிறது. காலையிலிருந்து மாலைவரை இந்த மெல்லல்தான். லாரிகள் எங்கள் பள்ளிக்கூட வாசலைத் தாண்டிச் சதுப்புக்குப் போகின்றன. செந்தூசி எங்கும். வெள்ளைச் சேலை கட்டமுடியவில்லை. சோற்றில் கடித்தால் நறநற. மூக்கைச் சீந்தினால் சிவப்பு.

தலைமை ஆசிரியை கேட்டபடி ஆறாம் வகுப்புக்குக் கட்டுரை கொடுத்தேன். தலைப்பு, ‘நம் நகரத்தின் வளர்ச்சி’. முப்பது பிள்ளைகளும் மலை போவது நல்லது என்று எழுதியிருக்கிறார்கள். காற்று வரும், கொசு போகும், தெரு அகலமாகும். அழகாக எழுதியிருந்தவளுக்கு அதிகப் புள்ளி போட்டேன். எழுத்துப்பிழைகளைச் சிவப்பு மையால் திருத்தினேன். கடைசித் தாளைத் திருத்தும்போது பேனாவைப் பிடித்த விரலெல்லாம் சிவப்பாக இருந்தது. மையா மண்ணா என்று பார்க்கவில்லை.

ஏப்ரல் 1, வெள்ளி

எழுதவேண்டும். எழுதாவிட்டால் நித்திரை வராது.

பள்ளியால் வந்து தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். அவர் குசினி வாசலில் வந்து நின்றார். குசினிக்குள் வராத மனிதர்.

“நாளைக்கு நான் வரேல்லாது,” என்றார்.

“தெரியும்.”

“உமக்குத் தெரியாது.” கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். “எனக்கு இடம் தெரியாது.”

துருவிக்கொண்டே இருந்தேன். மரமுந்திரிகை என்று அவர்தானே சொன்னது என்று நினைத்தேன்.

“நான் மேல போகேல்லை. கிணத்தடி வளைவு மட்டும்தான் போனனான். மழை. மருதக் கோனார் மேலயிருந்து மண்வெட்டியோட இறங்கி வந்தார். ‘குடுங்கய்யா, நான் பாத்துக்கிறேன்’ எண்டார். குடுத்திட்டு வந்திட்டன்.”

“குடுத்திட்டு.”

“மேல போகக் கால் ஏவேல்லை.”

“பேந்து மரமுந்திரிகை எண்டது?”

“நீர் கேட்டீர். ஏதாவது சொல்லவேண்டியிருந்தது.”

பதினொரு வருடம் அந்த மரத்தடியில் நின்றிருக்கிறேன். அதன் வேரைத் தொட்டிருக்கிறேன். பிறந்தநாளுக்கு ஒருதரம் வளையல் கொண்டுபோய் அங்கே புதைத்திருக்கிறேன். இதை அவரிடம் சொல்லவில்லை. இதுவரை இங்கேயும் எழுதியதில்லை.

“அதுதான் வரைபடத்தில ஒண்டும் போடேல்லை,” என்றார். “எந்த இடத்தில எண்டு நான் புள்ளி போடுறது? தெரியாத இடத்தில புள்ளி போட ஏலாது.”

“ஓம். அது பிழையான வரைபடமாப் போயிடும்.”

நான் ஏளனமாகத்தான் சொன்னேன். அவர் ஓம் என்று தலையாட்டினார். அதற்குப் பிறகு எனக்கு அவர் முகத்தைப் பார்க்கமுடியவில்லை. ஒரு பலாமரம்கூடத் தவறாமல் வட்டம் போட்டவர். சீனன் கல்லறை எத்தனை என்று வெயிலில் நின்று எண்ணியவர்.

குனிந்து பார்த்தால் சிரட்டையையும் சேர்த்துத் துருவியிருந்தேன். தேங்காய்ப்பூவெல்லாம் மண்ணிறம். எடுத்து வெளியே கொட்டினேன். கறி வைக்கவில்லை. இருவரும் சாப்பிடவில்லை.

ஏப்ரல் 2, சனி

காலையில் தனியாகப் போனேன். துரை சொன்ன நேரத்துக்கு வந்தார். மண்வெட்டியோடு கூலிகள், புது மண்பானைகள் ஒரு வண்டி நிறைய. சரிவின் மேல்விளிம்பில் பெண்கள். ஆண்கள் ஒருவருமில்லை. கொட்டில் பக்கம் மறைவில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள் போலும், பீடி மணம் வந்தது.

துரை கடிகாரத்தைப் பார்த்தார். நான் என்ன சொல்வதென்று எனக்கே தெரியவில்லை. மரமுந்திரிகையைக் காட்ட இன்று கை வராது.

அப்போது அவர் வந்தார். அலுவலகக் கோட்டு, தொப்பி, கழுத்துப் பட்டி எல்லாம் போட்டிருந்தார். என்னைப் பார்க்காமல், துரைக்குத் தலையைத் தாழ்த்திவிட்டு, நேராகப் பத்தைக்குள் இறங்கினார். இடுப்பளவு லாலாங் புல். மரமுந்திரிகையைத் தாண்டினார். இன்னும் கீழே போனார். ஓரிடத்தில் நின்று, சப்பாத்துக் குதியால் மண்ணை அழுத்தினார்.

“இங்கே, சார்.”

வழக்கமான அலுவலகக் குரல். ஒரு ஐயமும் இல்லாத குரல். நேற்றுக் குசினி வாசலில் நின்ற ஆளுக்கும் இவருக்கும் சம்பந்தமே இல்லை. இப்படிப் பொய் சொல்ல எப்படி முடிகிறது ஒரு மனிதனுக்கு என்று எனக்கு உடம்பெல்லாம் கூசியது.

துரை என்னிடம் திரும்பினார். “போன தடவை வேறிடம் காட்டினீர்கள், மிஸஸ் அம்பலவாணர். இதுதான் இடமா? உங்களுக்குச் சம்மதமா?”

இல்லை என்றால் அவருடைய உத்தியோகம் போகும். அது போகட்டும் என்றுதான் அந்தக் கணத்தில் நினைத்தேன். ஆனால் இல்லை என்றால் மண்வெட்டிகள் திரும்பி வண்டியில் ஏறும். பெண்கள் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“ஆம்,” என்றேன்.

தோண்டினார்கள். வேர். செம்மண். மறுபடி வேர். இடுப்பளவு ஆழத்திலும் செம்மண்தான். துரை குனிந்து பார்த்து, இந்த மண் புளிப்பானது, இத்தனை வருடத்தில் எதையும் விட்டுவைக்காது, ஒரு பிடி மண் எடுத்துக்கொண்டால் போதும் என்றார். என் கணவர் கோட்டோடு குழிக்குள் இறங்கினார். கூலி கொடுத்த மண்வெட்டியை வாங்கவில்லை. கையால் அள்ளிப் பானையில் போட்டார். நிறையப் போட்டார். பானை நிறைந்த பிறகும் போட்டுக்கொண்டிருந்தார். “இனாஃப், அம்பலவாணர்,” என்று துரை சொல்லவேண்டியிருந்தது. வெளியே ஏறும்போது கண்ணெல்லாம் சிவந்திருந்தது. அந்தத் தூசிக்கு எல்லோர் கண்ணும் சிவக்கும்.

இதைப் பார்த்த சங்கிலிக் கோனார் கொட்டில் பக்கமிருந்து வந்தார். துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு பத்தைக்குள் இறங்கி, “எங்களது இங்கன ஒண்ணு, அந்தா அங்கன ஒண்ணு” என்று காட்டினார். அவருக்கும் ஐயமே இல்லை.

பவளாயி என் காதருகே வந்தாள். “சின்னது போனப்ப இந்த ஆளு மாடு வாங்கப் போயிருந்தாரும்மா. வந்ததே மறுவாரம்.”

நான் அவள் முகத்தைப் பார்த்தேன்.

“தொரை என்னமோ கேக்குறாருல்ல? எம்புள்ள எடந்தானான்னுதானே?” என்றாள். “ஆமான்னு சொல்லுங்க.”

“பவளாயி…”

“சொல்லுங்கம்மா. உங்களதுக்குச் சொன்னீகல்ல?”

அவள் எப்போது கண்டுகொண்டாள் என்று தெரியவில்லை. என் முகத்தில் எழுதியிருந்திருக்கும். சொன்னேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு ஆணாக வந்தான். ஒவ்வொருவனும் குதியால் மண்ணை அழுத்தினான். ஒவ்வொரு பெண்ணும் என்னைப் பார்த்துத் தலையாட்டினாள். ஒவ்வொரு தடவையும் நான் துரையைப் பார்த்து ஆம் என்றேன். வெயில் சாயும்போது சரிவு முழுதும் பெருச்சாளி தோண்டியதுபோல் குழி. ஒன்றிலும் ஒன்றும் இல்லை. எல்லார் இடுப்பிலும் ஒரு பானை.

துரை என் கையைக் குலுக்கினார். என் ஆங்கிலம் மிகத் தெளிவாக இருந்ததாகச் சொன்னார்.

வீட்டுக்கு வந்து வாயை நாலைந்து தடவை கொப்புளித்தேன்.

ஏப்ரல் 3, ஞாயிறு

புதிய இடுகாடு நகரத்துக்கு வெளியே, ரப்பர் தோட்டத்தை அடுத்து. பானையை அவர் தூக்க வந்தார். நான் கொடுக்கவில்லை. பெண்கள் வருவதில்லையே என்று அவர் சொல்லவில்லை. ரிக்‌ஷாவில் மடியில் வைத்துக்கொண்டு போனேன். அவர் பின்னால் நடந்து வந்தார்.

வாசலில் பவளாயியும் மற்றவர்களும் தங்கள் பானைகளோடு நின்றார்கள். ஆண்கள் பானைகளை வாங்கக் கை நீட்டியதும், நான் உள்ளே போவதைப் பார்த்து பெண்களும் பானைகளைக் கொடுக்காமல் உள்ளே வந்துவிட்டார்கள். “இதென்ன புதுப் பழக்கம்?” என்று யாரோ ஒருவன் முணுமுணுத்தான். “பழைய பழக்கத்துலதான் தொலச்சுட்டு நிக்கிறோம்,” என்றாள் பவளாயி.

அவர் குழி வெட்டினார். நான் பானையை இறக்கினேன். வேலியிலிருந்து மூன்றாவது ரப்பர் மரத்துக்கு நேரே, ஓடைக்கு இந்தப் பக்கம். இந்த இடம் எனக்குக் கண்ணை மூடிக்கொண்டும் தெரியும். அவள் இங்கே இல்லை.

ஏப்ரல் 4, திங்கள்

இயந்திரம் வடக்குப் பக்கம் வந்துவிட்டது.

ஏப்ரல் 19, செவ்வாய்

தலைமை வரைவாளர் இடத்துக்குச் சீமையிலிருந்து ஒரு இளைஞன் கப்பலில் வருகிறானாம். பென்ஃபோல்ட் துரை இவரைக் கூப்பிட்டு, புதியவனுக்கு வேலை பழக்கிவிட வேண்டும் என்று மரியாதையாகக் கேட்டுக்கொண்டாராம். இதைச் சொல்லிவிட்டுச் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். எனக்குச் சந்தோஷம் வரும் என்று நினைத்தேன், வரவில்லை. ரசம் ஊற்றினேன்.

ஏப்ரல் 21, வியாழன்

மரமுந்திரிகை நேற்று இல்லாமல் போனதாகப் பவளாயி வந்து சொன்னாள். நாளை அவர்கள் மாடுகளை ஓட்டிக்கொண்டு போகிறார்கள். இனிப் பால் டின்னில்தான்.

பள்ளிக்கூடம் விட்டதும் வாசலில் நின்றேன். தெருவைக் கடக்கவேண்டும். லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சதுப்புக்குப் போய்க்கொண்டிருந்தன. வடக்குச் சரிவு மண் தெற்குப் பக்கத்தைவிடக் கொஞ்சம் கருஞ்சிவப்பு. புல்வேர் தொங்கிக்கொண்டு போனது. ஒன்று போனது, அடுத்தது வந்தது. எதில் அவள் போகிறாள் என்று யாருக்குத் தெரியும்? ஒவ்வொன்றையும் அது வளைவில் திரும்பும்வரை பார்த்தேன்.

நான் நெடுநேரம் நிற்பதைப் பார்த்துப் பள்ளிக் காவற்காரர் தெருவில் இறங்கிக் கையைத் தூக்கினார். ஒரு லாரி எனக்கு முன்னால் உறுமிக்கொண்டு நின்றது. பக்கப் பலகையின் இடுக்கால் மண் சிந்தி, என் செருப்புக்குப் பக்கத்தில் சின்னக் குவியலாக விழுந்தது.

“போங்கம்மா, நிப்பாட்டிட்டேன்,” என்றார்.

நான் கடக்கவில்லை. ஓட்டுகிறவன் தலையை நீட்டி ஏதோ திட்டினான். காவற்காரர் கை வலிக்கும்வரை தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார், பாவம். பிறகு, விடுங்கள், அது போகட்டும் என்றேன்.